மிஷேலின் கடைசி மேட்சும் என் காலும்

வேலைக்குப் போன இடத்தில் "தெரியாது" என்று சொல்லத் தெரியாதவனுக்கு எதுவும் நடக்கலாம். எனக்கு ரக்பி நடந்தது.

எண்பதுகளில் ஜெர்சி சிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன். மேனேஜர் மிஷேல், பிரெஞ்சுக்காரர். வாலிபத்தில் தன் நாட்டில் ரக்பி லீக் ஆடியவர். (சாதாரண ரக்பி இல்லை, பதின்மூன்று பேர் ஆடுவது. மாற்றிச் சொன்னால் அந்த வாரம் லீவு கிடைக்காது.) அத்தனை வருஷ ஆட்டத்தில் அவர் சம்பாதித்தது ஒரு கோணல் மூக்கு. கோப்பை மட்டும் கைக்கு வரவேயில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை டீம் ஒன்று சேர்த்து, ஆஸ்திரேலியர்கள் டீமை எதிர்த்து ஆடும் ஃபைனல் வரை வந்துவிட்டார். ஜெயித்துவிட்டு ரிட்டயர் ஆவதாகத் திட்டம்.

ஒரு ஆள் குறைந்தது. என் கிரீன் கார்டு பேப்பரோ அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"நீ ஏதாவது ஆடுவாயா?" என்றார்.

"காலேஜில் கபடி. இதே ஆட்டம்தான் சார், பந்து மட்டும் கிடையாது." (நான் கபடிக்கு ஸ்கோர் எழுதியவன்.)

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றாள் மனைவி சுமதி.

"கையெழுத்து வேணுமா, வேணாமா?" என்றேன் வீரமாக.

ஆட்டம் முழுக்கப் பந்து இல்லாத பக்கமாகவே ஓடினேன். அந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கடைசி நிமிஷம், நாங்கள்தான் முன்னால் இருந்தோம். மிஷேலை ஒரு தடியன் பிடித்துச் சாய்த்தான். விழும்போதே பந்தை என் கையில் திணித்து, "ஓடு" என்றார். எதிரே ஒருத்தருமில்லை. ஓடத்தான் போனேன், என் ஷூ அவர் தலையில் பட்டுவிட்டது.

மேனேஜர் தலை. காலால். கையெழுத்து வேறு பாக்கி.

பந்தைப் பத்திரமாகப் புல்லில் வைத்தேன். குனிந்து அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாரி சார்" என்றேன். நிமிர்ந்தால் பந்தைக் காணோம். ஆஸ்திரேலியன் ஒருத்தன் அதை எடுத்துக்கொண்டு, ஓடக்கூட இல்லை, நடந்தே போய் எங்கள் பக்கக் கோட்டுக்கு அப்பால் வைத்து மேட்சை ஜெயித்துவிட்டான்.

மிஷேல் எழுந்திருக்கவில்லை. அடிபட்டதால் அல்ல, அழுதுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "கார்டு வந்ததும் நீ வேறு கம்பெனிக்குப் போய்விடலாம், இல்லையா?" என்று ஆசையாகக் கேட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் கால் யார்மேல் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். தமிழில் ஒரு வார்த்தை பேசாத என் மகளும் தவறாமல் செய்வாள். செய்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து, "வேர் இஸ் தி பால், அப்பா?" என்பாள்.