வீமன் கழுத்தில் கட்டிய ஆய்வு

கண் முன்னால் இருப்பதைக் கடைசியாகக் காண்பதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். ஆதாரத்துக்கு நானே இருக்கிறேன்.

பல்கலைக்கழக இறுதியாண்டில், அச்சுவேலியில் செல்வம் அண்ணையின் வெங்காயத் தோட்டத்திலும் அதே ஒழுங்கையோரமாக, அந்தக் குறுந்தெரு நெடுகிலும் இருந்த தோட்டங்களிலும் மண்ணின் ஈரத்தை அளக்கும் பன்னிரண்டு கருவிகளை நட்டேன். ஒவ்வொன்றும் தன் அளவைக் கம்பியில்லாமல் அடுத்ததற்குக் கொடுக்க, கைமாறிக் கைமாறி என் கணினிக்கு எல்லாம் வந்து சேரவேண்டும். ஆனால் எல்லாருடைய சுமையையும் தூக்கிய கடைசிக் கருவிகளின் பற்றரி மூன்றே நாளில் செத்தது. செல்வம் அண்ணையோ எப்போது தண்ணீர் இறைக்கலாம் என்று என்னைக் கேட்டபடி இருந்தார். (என்னை நம்பிய முதல் மனிதர், பாவம்.)

யோசித்து ஒரு தீர்வு கண்டேன். தகவல் அலைய வேண்டாம். சேகரிக்கும் பெட்டி ஒவ்வொரு கருவிக்கும் கிட்டப் போய் வாங்கி வரட்டும். அதைச் சுமக்க நான் செய்த சில்லு வண்டி முதல் வரம்பிலேயே குப்புற விழுந்தது. ஆகவே, காலையில் அண்ணையோடு தோட்டம் சுற்றும் அவருடைய நாய் வீமனின் கழுத்தில் பெட்டியைக் கட்டினேன். எட்டுக் கருவிகளின் தகவல் கிடைத்தது. அதற்கே நிலத்தில் கால் பாவவில்லை எனக்கு.

பேராசிரியர் பார்க்க வந்த அன்று, நான் விளக்கத் தொடங்கவும் ஒழுங்கையில் பாண், பணிஸ் என வெதுப்பிய ரொட்டிகள் விற்கும் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. வீமன் வேலியைப் பாய்ந்து அதன் பின்னால் ஓடினான். நான் அவன் பின்னால் ஓடி (மரியாதைக்காகக் கட்டிய சேலையோடு) வாய்க்காலில் விழுந்தேன். என் பட்டம் ஓடிப்போவதைச் சேற்றில் இருந்தபடி பார்த்தேன்.

அரை மணித்தியாலத்தில் வீமன் ஓட்டோவில் அமர்ந்து திரும்பினான், வாயில் பணிஸோடு.

"உவன் இறங்கமாட்டன் எண்டிட்டான், தங்கச்சி. நான் தினமும் போற ஒழுங்கை முழுக்க என்னோடைதான் சுத்தினவன்," என்றார் பாண்காரர்.

பேராசிரியர் பெட்டியைக் கணினியில் இணைக்கச் சொன்னார். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு இணைத்தேன். பன்னிரண்டு கருவிகளின் அளவுகளும் இருந்தன.

அவர் என்னையும் ஓட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். "உது நெடுகலும் இதாலைதானே போகுது. பிறகேன் நாயிலை கட்டினனீர்?"

நான் வீமனின் கழுத்துப் பட்டியைக் கழற்றத் தொடங்கினேன்.

மறுநாளே பெட்டி பாண் ஓட்டோவில் ஏறியது. இன்று செல்வம் அண்ணை பாண் வாங்கும்போதே பெட்டியில் நான் பிறகு பொருத்திய சின்னத் திரையைப் பார்த்து, எந்தப் பாத்திக்குத் தண்ணீர் தேவை என்று அறிந்துகொள்கிறார். பக்கத்து ஊர்களிலும் மூன்று ஓட்டோக்கள் பெட்டியோடு ஓடுகின்றன.

கொக்குவிலில் எங்கள் வீட்டில் என் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. யார் வந்து பார்த்தாலும் அப்பா முகம் மாறாமல் சொல்லுவார்: "பட்டம் எடுத்தது அச்சுவேலியிலை ஒரு நாய். இவ படத்துக்கு நிண்டவ."