தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிய அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அந்த அனைவரில் நானும் உண்டு என்று நேற்றுத்தான் தெரிந்தது.

போன கடிதத்தில், கத்திரி பிடிக்கிற கையில் கட்டி வந்திருக்கிறது, முதலில் கை போகும், பிறகு ஆளே போய்விடுவேன் என்று எழுதி, என் பெரிய கத்திரிக்கோலையும் பார்சலில் அனுப்பி, நாம் இத்தனை வருஷமாகச் சண்டை போட்ட விஷயத்தில், காலர் தைப்பதில் என்னைவிட நீங்கள்தான் கெட்டிக்காரர் என்றும் ஒப்புக்கொண்டிருந்தேன் அல்லவா? எல்லாம் தவறு. நடந்தது என்னவென்றால், காலையில் டேப் வைத்தால் சின்னதாக இருக்கிற கட்டி, நாளெல்லாம் துணி வெட்டிவிட்டுச் சாயங்காலம் அளந்தால் பெரிதாகிவிடும். வளர்கிறது, வளர்கிறது என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. உங்கள் அக்காதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் சொன்ன அளவைக் கேட்டதும் டாக்டரம்மா முகம் மாறி ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். நேற்று படத்தைப் பார்த்தவர், "பயப்படாதீங்க, இது கெட்ட கட்டி இல்ல. ரத்தக் குழாய்ங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்கு. வெளியில பார்த்தா கெட்ட கட்டி மாதிரியே வேஷம் போடும். கையத் தொங்கப் போட்டு வேலை செஞ்சா வீங்கும், தூக்கினா வத்தும்" என்றார். நூல்கண்டு சிக்கு மாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்றார். "ஆனா நீங்க சொன்ன அளவு இது இல்லையே?"

"அது துணிக்கு விடற மாதிரி, தையலுக்கு அரை இஞ்ச் சேத்துச் சொன்னதுங்க."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார். "இந்த மனுஷன் சாவைக்கூட லூசாத்தான் தைப்பாரு" என்று சொல்லிக்கொண்டே உங்கள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. அத்தனை சந்தோஷம்.

ஆகவே கத்திரிக்கோலை உடனே திருப்பி அனுப்பவும். காலர் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். சாகப்போகிறவன் பயத்தில் உளறியது செல்லாது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கையை நன்றாக உயர்த்தியே வழங்குகிறேன், வீக்கமும் வற்றுமல்லவா.

இப்படிக்கு,
இன்னும் வெகுநாள் இருக்கப்போகிற அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் நீங்களே வந்து நிற்கிறீர்கள். கத்திரிக்கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எனக்கு இது வேணாம் அத்தான், நீங்க இருந்தாப் போதும்" என்று அழுகிறீர்கள். என்னை வாய் திறக்கவே விடவில்லை. அதனால் இதைக் கையிலேயே கொடுக்கிறேன், படித்துவிட்டு அழுகையை நிறுத்துங்கள். கத்திரிக்கோல் உங்களுக்கே. நீங்கள் கட்டிப்பிடித்தபோது பக்கத்தில் பார்த்தேன், நீங்கள் தைத்துப் போட்டிருக்கிற சட்டையில் காலர் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.