நான் எழுந்து நின்றது இடுப்பு வலியால்

பிளம்ஃபோர்டு, நெப்ராஸ்கா
நவம்பர், சனிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய மச்சான் வெர்லின் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் முழங்காலும் நாயும் நலமாயிருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன் என்று உங்கள் தங்கை நோர்மா உயிரோடிருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குறை இக்கடிதத்தில் நேராதிருக்க, சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்தி விடுகிறேன்.

1. எங்கள் ஓர்லின் கல்லூரி ஆற்றங்கரை விளையாட்டுக் கூட்டணியை விட்டு விலகுவதற்கு நான் ஆதரவு தரவில்லை.
2. அது போய்ச் சேர்ந்திருக்கும் பெருங்கடல் கூட்டணி புவியியலுக்குச் சற்றும் பொருந்தாதது.
3. உங்கள் தொலைபேசியில் நான் பதிந்துவைத்த செய்தி முழுமையானதல்ல.
4. நம் இரு கல்லூரிகளின் கால்பந்து ஆட்டமே இல்லாதபோது நீங்கள் ஆற்றைத் தாண்டி இங்கே வர ஒரு காரணமும் இல்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

முதலாவது. மார்ச் மாதத்தில் கல்லூரியின் உள்விளையாட்டுக் கூடத்தில் பழைய மாணவர்களையும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் கூட்டினார்கள். அங்கே உட்காரும் பலகைப் படிகளுக்குச் சாய்மானம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், என் இடுப்பைப் பற்றியும் தெரியும், மேலே ஏற முடியாதென்பதால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன், கல்லூரித் தலைவர் தொலைக்காட்சி உரிமை, எதிர்காலம், மறுபடியும் தொலைக்காட்சி உரிமை என்று பேசிக்கொண்டே போனார், என் இடுப்பு பொறுத்துப் பார்த்து முடியாமல் போன அந்த நொடியில்தான் அவர், “ஆதரிக்கிறவங்க எழுந்து நிக்கலாம்” என்றார். நான் ஏற்கெனவே எழுந்திருந்தேன். அத்துடன் முடிந்திருந்தால் ஒரு கிழவனின் ஒற்றை வாக்கு என்று போயிருக்கும். ஆனால் நம் மைதானங்களில் முதல் வரிசை எழுந்தால் பின்வரிசை எழுந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் காலில் ஊறிய பழக்கம். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள், உச்சிப் படியிலிருந்து யாரோ ஆட்டத்தில் புள்ளி விழுந்ததாக நினைத்து, “என்னாச்சு, டச்டவுனா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. உடனே உட்கார்ந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் தலைவர் என்னைப் பார்த்துக் கைகூப்பாத குறையாக நன்றி சொல்லிவிட்டார். நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு முன்னால் எப்படி உட்காருவது? அதற்குள் படமும் எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பத்திரிகையில், “முன்னாள் புவியியல் ஆசிரியர் வழிகாட்டினார்” என்று போட்டார்கள். காப்பிக் கடை டோர்லா இன்றுவரை விடவில்லை. போன வாரங்கூட, “சார், அடுத்து எதுக்கு எழுந்து நிக்கப்போறீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க. நாங்களும் வீட்ல கேட்டுட்டு வந்துருவோம்” என்றாள். நான் நின்றபடியே காப்பி குடிப்பவன். அன்று உட்கார்ந்து குடித்தேன்.

இரண்டாவது. நம் ஊரிலிருந்து எந்தத் திசையில் வண்டியோட்டினாலும் கடல் வரப் பல நாள் ஆகும். பெருங்கடல் கூட்டணியில் எங்களுக்கு மிக அருகிலுள்ள கல்லூரிக்குப் போகவே இரண்டு மலைத்தொடர்களும் ஒரு பாலைவனமும் தாண்ட வேண்டும். கைப்பந்து ஆடும் பெண்கள் விமான நிலையத் தரையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறார்கள். இவற்றையெல்லாம் விளக்கி, வரைபடம் ஒன்றும் வரைந்து, தூரங்களைச் சிவப்பு மையால் குறித்துத் தலைவருக்கு அனுப்பினேன். அது கண்டன வரைபடம் என்பதைக் கடிதத்தில் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு விளையாட்டு அலுவலக வாசலில் மாட்டிவிட்டார்கள். நம் கல்லூரியின் வீச்சு எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள் என்று புதிய மாணவர்களின் பெற்றோருக்குக் காட்டுகிறார்களாம். கீழே என் பெயரும் இருக்கிறது.

மூன்றாவது. இதையெல்லாம் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று கோடை முழுவதும் யோசித்து, அக்டோபரில் அழைத்தேன். செய்தி பதியும் இயந்திரம்தான் பேசியது. அதை எதிர்பார்த்துச் சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். முன்னுரை சற்று நீண்டுவிட்டது போலும். “நான் எழுந்து நின்றது உண்மைதான்” என்று வாசித்து மூச்சு வாங்கிய இடத்தில் இயந்திரம் கூவி நின்றுவிட்டது. மீண்டும் அழைத்து மிச்சத்தைச் சொல்லத் துணிவு வரவில்லை. நீங்களும் திருப்பி அழைக்கவில்லை. பழைய கூட்டணியிலேயே இருக்கும் உங்கள் டெல்வின் கல்லூரியுடன் ஆண்டுதோறும் நடந்துவந்த ஆட்டத்தை எழுந்து நின்று ஒழித்தவன், அதை ஒப்புக்கொண்டு ஒரு வாக்கியமும் பதிந்துவைத்திருக்கிறான் என்றால் யார்தான் அழைப்பார்கள்? உங்கள் கோபம் நியாயமானது.

நான்காவதை எழுதுவது கடினமாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஓர் ஆண்டு உங்கள் கரையில், மறு ஆண்டு எங்கள் கரையில். நோர்மா நம் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, உங்கள் கல்லூரித் தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்கள் கல்லூரிக்குக் கைதட்டுவாள். அவள் போனபின் நாம் இருவரும் நடுவில் அந்த இடத்தை விட்டுத்தான் உட்கார்ந்தோம். சூடு ஆறாத காப்பிக் குடுவையை அங்கே வைத்தோம். அவளைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மூன்றாம் முயற்சியில் பந்தை எறிவது முட்டாள்தனமா இல்லையா என்றுதான் பேசினோம். நீங்கள் ஆம் என்பீர்கள், நான் இல்லை என்பேன். எனக்கு அந்த விஷயத்தில் கருத்தே கிடையாது. நீங்கள் பேசுவதைக் கேட்க வேண்டியிருந்தது. அவளுடைய குரலின் அதே ஏற்ற இறக்கம் உங்களிடந்தான் மிச்சமிருக்கிறது.

இன்றுதான் அந்தச் சனிக்கிழமை. எங்கள் அணி ஏதோ கடற்கரையில் ஆடுகிறது. நமக்கிடையே ஆட்டத்தைத் தவிர வேறென்ன இருந்தது என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆகவே வாருங்கள் என்று அழைக்க எனக்கு உரிமையும் இல்லை.

உங்கள் முழங்கால் குளிரைத் தாங்கட்டும், களஞ்சியக் கூரை பனியைத் தாங்கட்டும். டெல்வின் கல்லூரி எவரோடு ஆடினாலும் வெல்லட்டும் என்று, இங்கே வேறு யாருக்கும் கேட்காதபடி வாழ்த்துகிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஆல்டன் ரூஸ்

பின்குறிப்பு: அஞ்சல்தலை ஒட்டிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், உங்கள் வண்டி நிற்கிறது. நீங்கள் ஒரு கையில் மிளகாய்ப் பீன்ஸ் குழம்புச் சட்டியும் மறு கையில் பட்டை மணக்கும் ரொட்டிச் சுருளுமாக இறங்கிக்கொண்டிருந்தீர்கள். தொலைபேசிச் செய்தி கிடைத்ததா என்று மெதுவாகக் கேட்டேன்.

“அறுவடை முடியறவரைக்கும் நான் எந்தக் காலத்துல அந்த மெஷினத் தொட்டிருக்கேன், மாப்ளே? ஏன், ஏதாவது அவசரமா?”

புவியியல் ஆசிரியனாக இருந்தும் அக்டோபரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சோளம் அறுப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் எழுந்து நின்ற செய்தியே உங்களுக்கு வந்துசேரவில்லை என்பதும், அது வரப்போவது இந்தக் கடிதத்தால்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. இந்த ஆண்டு ஆட்டம் இல்லையே என்றேன்.

“தெரியும். ரேடியோவுல சொன்னான். அதுக்கு? இன்னைக்கு சனிக்கிழம. நான் வேற எங்க போவேன்?”

கரண்டி தேடுவதாகச் சொல்லி உள்ளே வந்து, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒன்று முதல் மூன்று வரையுள்ளவை வழக்கம்போல் அஞ்சலில் உங்களை வந்தடையும். கையில் கொடுக்கத் துணிவில்லை. நீங்கள் வர ஒரு காரணமும் இல்லை என்று நான்காவதாக நான் எழுதியது தவறு.