ஆட்டாத கோப்பை

அன்பு மகன் மிஷாலுக்கு, யன்புவிலிருந்து வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நான் சுகம். நீயும் சீனாவின் சிங்தாவ் நகரில் சுகமாக, முடிந்தால் கொஞ்சம் ஓய்வாகவும் இருக்க துஆச் செய்கிறேன். போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன் வாப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

விஷயம் பக்கத்து வீட்டுச் சீனர். நம் சவூதி எண்ணெய் சீனாவுக்குப் போகிறது, நீயும் அதன் பின்னாலேயே போனாய். பதிலுக்கு அவர்கள் இங்குள்ள புது ஆலைக்கு அனுப்பியது லுவோ என்ற இந்த எஞ்சினியரை. உன் சிங்தாவ்காரர்தான். அண்டை வீட்டுக்காரர் ஆயிற்றே என்று நம் கஹ்வா காப்பி குடிக்கக் கூப்பிட்டேன். அங்கேதான் வந்தது வினை. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் தர வேண்டும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். இந்த மனுஷன் ஆட்டவில்லை. ஆட்டாதவருக்கு ஊற்றாமல் விட்டால் நம் மானம் என்ன ஆவது? நான் ஊற்ற, அவர் குடிக்க, நான் ஊற்ற, கூஜா தீர்ந்து மறுபடி காய்ச்சினேன். பேரீச்சம்பழத் தட்டும் காலி. அரைகுறை அரபியில் "நல்லா இருக்கு அபூ மிஷால்" என்று, மிஷாலின் வாப்பா என நம் வழக்கப்படியே அழைத்துச் சொல்கிறாரே தவிர எழுந்திருக்கிற வழியைக் காணோம். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அவர் வீட்டில் தேநீருக்குப் போனால், நான் ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறேன், "சூடு பத்தலையா?" என்று கேட்டு மறுபடி ஊற்றுகிறார்.

உன் உம்மா மவுத்தானதிலிருந்து நிம்மதியாகத் தனியாக இருந்தவன் நான். அஸர் தொழுகைக்குப் பிறகு பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பேன். டிவியைச் சத்தமாக வைப்பேன். இப்போது அந்த நிம்மதியும் போயிற்று. நீ இருப்பது அவர்களுடைய தலைமை அலுவலகம்தானே, சொல்லி அவரை வேறு தெருவுக்கு மாற்று. பெருநாளுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்கமாட்டேன். போன பெருநாளிலும் கேட்டுவிட்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், உன் மேலதிகாரிகளுக்குக் கொஞ்சம் இரக்கமும் தரட்டும்.

உன் வாப்பா,
தகீலுல்லாஹ்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் லுவோ வந்தார். பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "போதும்னா கோப்பைய இப்படி ஆட்டணும், தம்பி." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும் அபூ மிஷால். விமானம் ஏறும் முன்னாடியே கம்பெனியில சொல்லிக் குடுத்தாங்க. ஆட்டினா வீட்டுக்குப் போகணுமே. அங்க யாரு இருக்கா?"

அதனால் அலுவலகத்தில் வாயைத் திறக்காதே. உன் ஊரில் தனியாக இருக்கும் அவருடைய அப்பாவின் விலாசத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒருநாள் போய் உட்கார். தேநீர் தருவார். கோப்பையை ஆட்டிவிடாதே.