முட்டிவலியும் நான்கு இசைத்தட்டுகளும்

வாரத்தில் ஒரு மணி நேரம் யாரும் குறுக்கிடாமல் ஜாஸ் கேட்பது என்று சபதம் எடுத்தேன். பதினைந்து வருஷம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவன். சபதத்துக்குப் பயப்படுவேனா?

லியோனிலிருந்து மகள் நான்கு இசைத்தட்டுகள் அனுப்பியிருந்தாள். ஓர் அமெரிக்க ஜாஸ் மேதை இளம் வயதில் இசையமைத்து, பதினாறு பேரை வைத்துப் பதிவு செய்தவை. யார் எப்போது ஊத வேண்டும், யார் எப்போது வாயை மூட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் வீட்டில் அதை என் மனைவி எலேன் பார்க்கிறாள்.

மாடியறையில் தட்டு சுழன்றாலே கீழிருந்து குரல் வரும். "கேஸ் தீந்துடுச்சுங்க." "மீன்காரம்மா நிக்குது."

எலேன் வெளியே போவது ஞாயிறு சர்ச் பூசைக்கு மட்டும், அதுவும் என்னை இழுத்துக்கொண்டு. ஆகவே ஒரு ஞாயிறு எனக்கு முட்டிவலி வந்தது. ஆறு வாரம் வலித்தது. ஆறு வாரமும் சொர்க்கம். சனிக்கிழமைதோறும் அவள் தைலம் தேய்த்துவிட்டபோது வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாள் டிராம்போன் ஊதுகுழல்கள் நான்கும் சேர்ந்து எழும் இடம் வந்ததும் வெட்கம் போய்விடும்.

ஏழாம் வாரம் மாடியறை பூட்டியிருந்தது.

"சாவி எங்க?"

"எதுக்குங்க? முட்டிவலிக்காரர் படி ஏறக் கூடாது."

"மெதுவா ஏறுறேன்."

"விழுந்தா மகளுக்கு யாரு பதில் சொல்றது?"

மறுநாள் காலை கூடத்தில் நாலு நடை நடந்து காட்டினேன்.

"வலியே இல்ல எலேன். மாதா புண்ணியம்."

எலேன் சிலுவை போட்டுக்கொண்டாள். "கால் சரியானா நீங்க வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றதா நேர்ந்துக்கிட்டேன்."

"முப்பது கிலோமீட்டர் ஆச்சே."

"வலிதான் இல்லையே."

"நீயும் வர்றியா?"

"எனக்கு எப்ப கால் வலிச்சுது?"

மாதாவிடமாவது பொய்யை ஒப்புக்கொண்டிருப்பேன். எலேனிடம் ஒப்புக்கொள்ளத் தைரியமில்லை.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினேன். திருமலைராயன்பட்டினம் தாண்டி, கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்கு ஒதுங்கி நின்றபோது சட்டை கறுத்திருந்தது. முட்டி நிஜமாகவே வலித்தது. பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று கேட்க வீட்டுக்குப் போன் போட்டேன்.

எடுத்தாள். பின்னால் ஜாஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் பேசுறேங்க," என்றாள். "இப்பத்தான் தட்டைத் திருப்பிப் போட்டேன்."