அழ வைத்த கல்யாண வாழ்த்து

கவிதை எழுதுகிறவனுக்குத் தன் கவிதையைக் கேட்டு யாராவது கண் கலங்கினால் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை. அதனால்தான் நல்லதொரு கல்யாண வீட்டை இழவு வீடாக்கினேன்.

வெள்ளைக்காரத் துரைகள் காலம். மலாய் நாட்டில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. (ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலைதான், மிதப்பு மட்டும் துரைக்குச் சமம்.) என் கூட்டாளி மாணிக்கத்துக்குத் தெங்கேராவில் மளிகைக்கடை வைத்திருந்த ராமசாமியின் மூத்த மகளை முடித்திருந்தார்கள். இளையவள் செல்லத்தை எனக்குக் கேட்பதாகப் பேச்சு. கல்யாணத்தன்று பையனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ராமசாமி சொல்லியிருந்தார். சும்மா பார்த்தால் போதுமா? மனுஷன் அசந்து போக வேண்டாமா? தாலி கட்டியதும் வாழ்த்துப்பா வாசிப்பது அப்போது பெரிய மவுசு. உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

எதுகை மோனையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் காய்ச்சலுக்கு ஆள் போகாத மாதமில்லை. பெண்கள் கூடி அழும் பாட்டைக் கேட்டே காது பழகியிருந்தது. வரி பாதியில் மூச்சு வாங்கி நிற்கும், மீதிப் பாதி தழைந்து இறங்கும், கடைசியில் ஓர் 'ஏ' நீளும். பாட்டு என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (மண்டையில் இருந்த சரக்கு அவ்வளவுதான்.)

ராமசாமியின் கடைவாசலில் போட்ட பந்தலில் மாணிக்கம் தாலி கட்டினான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தேன்.

"மல்லிகைப் பந்தலிலே... மாப்பிள்ளையாய் வந்தாயே!
நல்லவளைக் கைப்பிடிக்க... நாள்பார்த்து வந்தாயே!"

லோரியில் வந்திருந்த தோட்டத்துப் பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் 'ஏ'க்கே ஓர் அக்காவின் முந்தானை மூக்குக்குப் போயிற்று. அடடா, என்ன ரசனை என்று பூரித்துப்போய் அடுத்த 'ஏ'யை இன்னும் இழுத்தேன். புருஷனைப் பறிகொடுத்து வருஷம் திரும்பாதவர் அவர். "என் ராசாவே!" என்று குரலெடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். (பழக்கதோஷம்!) மணப்பெண்ணும் விசும்பினாள். மேளக்காரர் மேளத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். அடுத்த கடை முதலாளி, சீனத் தவுக்கே, தொப்பியைக் கழற்றிவிட்டு, செத்தது யார் என்று மலாயில் மெதுவாக விசாரித்தார்.

"டேய், நிறுத்துடா! நல்ல காரியத்துல எழவுப் பாட்டா பாடுற? இவனுக்கா என் பொண்ணு?" பந்தல் அதிரக் கத்தினார் ராமசாமி.

போச்சு. பெண்ணும் போச்சு, மானமும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மணப்பெண்ணின் பின்னாலிருந்து செல்லம் எழுந்து வந்தாள். "அப்பா, வார்த்தையில ஒரு குத்தமும் இல்லப்பா. இவரு இழுக்குறதுதான் கோளாறு" என்றவள், கையைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மல்லிகைப் பந்தலில் மாப்பிள்ளை வந்தாச்சு
நல்லவள் கைதொட நாணமும் வந்தாச்சு!"

அதே மல்லிகை, அதே மாப்பிள்ளை. 'ஏ' போய்விட்டது, நடுவில் நின்ற மூச்சும் போய்விட்டது. அடிக்கு நாலு தட்டு, வரி குதித்துக்கொண்டு ஓடியது. தோழிகள் சேர்ந்து கும்மி கொட்டினார்கள். அழுத அக்காவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நல்லாருக்கு லா!" என்று எழுந்து ஆட வந்துவிட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் பாட்டு இவ்வளவு அழகானது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பந்தி முடிந்ததும் ராமசாமி என்னிடம் வந்தார். "கட்டுனா உங்களைத்தான் கட்டுவேங்குது தம்பி. தர்றேன். ஆனா உங்க கல்யாணத்துல நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

நான் திறக்கவில்லை. இன்றைக்கும் உறவில் யாராவது சாவு வீட்டுக்குக் கிளம்பினால் செல்லம் என்னைக் கைகாட்டிச் சொல்வாள்: "இவரையும் கூட்டிட்டுப் போங்க. கல்யாணப் பாட்டு ரொம்ப நல்லாப் பாடுவாரு!"