இங்கனயும் பாரு

பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு சுகந்தி முதல் கட்டளையைத் தட்டினாள். ஜாவா என்று யாரையும் தனக்குத் தெரியாது என்றது லேப்டாப்பின் கறுப்பு ஜன்னல்.

மூன்று வருடம் கல்லூரியில் தினமும் ஜாவா எழுதியவள் அவள். ஆனால் கல்லூரிக் கம்ப்யூட்டரில் திரையின் மேலே ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். அமுக்கினால் புரோகிராம் ஓடும். அதற்குப் பின்னால் யார் யாரை எங்கே தேடிப் பிடித்து அழைத்து வருகிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. பந்தியில் உட்கார்ந்தவர் அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை.

இன்டர்வியூவுக்குக் கம்பெனி அனுப்பிய மெயில் வேறு மாதிரி இருந்தது. பச்சைப் பொத்தான் கூடாது. நாங்கள் அனுப்பியிருக்கும் புரோகிராமை, கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலிலிருந்து ஓட்டிக் காட்ட வேண்டும். பத்து மணிக்குத் தொடங்கி முப்பது நிமிடம். யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். உங்கள் திரை எங்களுக்குத் தெரிய வேண்டும்.

மெயில் ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு அம்மா சங்கரேஸ்வரி அவளை இலஞ்சி முருகன் கோயிலுக்கு இழுத்துப் போயிருந்தாள். திரும்பி வந்து, நெற்றி விபூதி உதிர லேப்டாப்பைத் திறந்தபோது, வீடியோவில் ஒருவர் தயாராக உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, முறுக்கு மீசை, முன்னால் ஒரு நோட்டு, கையில் பேனா. அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு வாயும் அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூடக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் சுகந்தி. ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் மைக்கை அணைத்தாள். கறுப்பு ஜன்னலை மெல்ல இழுத்து அவர் முகத்தின் மேல் போட்டாள். பேனாவின் மூடி மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

கம்பெனியில் காலியாக இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஆய்க்குடி ரோட்டில் தென்னந்தோப்புக்குள் ஆபீஸ். வீட்டிலிருந்து ஒரே பஸ். இது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே சித்தப்பா பார்த்து வைத்திருந்தது கால் சென்டர் வேலை. தினமும் நூறு தெரியாத மனிதர்களிடம் போனில் பேச வேண்டும்.

போனில் அவள் கூச்சமில்லாமல் பேசுவது உலகத்திலேயே ஒருத்தியிடம்தான்.

"சொல்லுட்டி," என்றாள் ஷமீம் பானு.

வகுப்பில் மூன்று வருடமும் முதலிடம் ஷமீமுக்குத்தான். மற்றவர்கள் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் அவள் விடையில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பாள். கடைசிப் பரீட்சை முடிந்த வாரமே கல்யாணம். புருஷன் முகம்மது ரபீக் வெளிநாட்டில், தமாமில். அவள் கடையநல்லூரில், மாமியார் வீட்டில். அந்த மூளை மீன் ஆணத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டதே என்று சுகந்திக்கு வருத்தம் உண்டு. அவளிடம் அதைச் சொன்னதில்லை.

"ஷமீமு, ஜாவாவே தெரியாதுங்குது."

"தெரியாம எங்க போவும். ஆளு வீட்டுலதான் இருக்கு. நீ அட்ரஸ் குடுக்கல, அம்புட்டுதான். பாத்துன்னு ஒரு அட்ரஸ் பட்டியல் இருக்குல்லா, அதுல ஜாவா இருக்க எடத்தச் சேத்து விடு."

சுகந்தி சேர்த்தாள். சேர்த்ததாக நினைத்தாள். உண்மையில் பழைய முகவரிகளையெல்லாம் துடைத்துவிட்டு ஜாவாவின் முகவரியை மட்டும் எழுதியிருந்தாள். ஜாவா வந்தது. நோட்பேட் போனது. கூடவே இன்னும் பலதும் போயின. கறுப்பு ஜன்னலுக்கு இப்போது ஜாவாவைத் தவிர நாதியில்லை.

"பழசோட சேருன்னா பழசையே தொடச்சிட்டியா? மருமவ வந்ததும் மாமியாரத் தெருவுல விட்ட கதையால்லா இருக்கு," என்றாள் ஷமீம்.

பின்னாலிருந்து அவள் மாமியார், "யாரச் சொல்லுத?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்ல மாமி, ஜாவாவ." பிறகு இவளிடம், "பயப்படாத. அந்த ஜன்னல் இருக்க வரைக்குந்தான் அந்தக் கோளாறு. மூடிட்டுப் புதுசா ஒண்ணு தொறந்து, பழசத் தொடைக்காம ஜாவாவச் சேரு."

மூடினாள். மூடியதும் நீலச் சட்டைக்காரர் முழுதாகத் தெரிந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா காப்பி டம்ளரோடு பின்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி, அவரு என்னமோ நோட்டத் தூக்கிக் காட்டுதாரே."

"மார்க்கு போடுதாரும்மா. நீ போ, கேமராவுல தெரியுத."

"வாசிக்க முடியலயே. கண்ணாடிய எடுத்துட்டு வரட்டா?"

சுகந்தி அதற்குள் புது ஜன்னலைத் திறந்து அவர் மேல் போர்த்திவிட்டாள். முதல் தப்புக்கே நோட்டைத் தூக்கிக் காட்டுகிறவர், இனி வரும் தப்புகளுக்கு என்னத்தைத் தூக்குவாரோ.

"இப்ப என்ன சொல்லுது?" என்றாள் ஷமீம்.

"ஜாவா வந்துட்டு. ஆனா என்னமோ பேக்கேஜ் இல்லவே இல்லங்குது."

"லிப்னு ஒரு ஃபோல்டர் கெடக்கும் பாரு. அதுக்குள்ள ஒரே ஒரு ஜார் ஃபைலு. நீ தேடுதது அதுக்குள்ளதான் இருக்கு."

பார்த்தாள். லிப் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரே ஒரு ஜார். கடையநல்லூரில் இருந்துகொண்டு இலஞ்சித் திரையைப் பார்த்தது போலச் சொல்லுகிறாளே என்று சுகந்திக்குப் புல்லரித்தது.

ஜார் என்பது வேறு யாரோ எழுதிக் கட்டி வைத்த புரோகிராம்களின் பொட்டலம். நாம் எழுதாததை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பொட்டலம் இருக்கும் இடத்தை மட்டும் கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும். கிளாஸ்பாத் என்பது அதுதான். ஷமீம் இதைச் சொல்ல வாயெடுத்தபோது மாமியார் கூப்பிட்டார். "ஒரு நிமிசம் இரி, எதையும் தொடாத," என்று போனாள்.

சுகந்தி தொட்டாள். பொட்டலம் என்றால் பிரிக்கத்தானே வேண்டும்? இரண்டு தட்டுத் தட்டினாள். பொட்டலம் பிரிந்து, நானூறு சின்னச் சின்ன ஃபைல்கள் திரை முழுக்கச் சிதறின.

வாசலில் இருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னட்டி இது, மழைக்கு ஈசல் மொய்ச்ச மாதிரி?"

திரையை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் பேனா மூடி விறுவிறு என்று ஆடியது. சுகந்தி எல்லாவற்றையும் ஒரே வாரலாக வாரி அழித்தாள். திரை கழுவிவிட்டது போல ஆனது.

"வந்துட்டேன். லிப் ஃபோல்டர் இருக்குல்லா?" என்றாள் ஷமீம்.

"இல்ல."

"எங்க?"

"அழிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் ஷமீம் ஒரு கோழியை விரட்டினாள்.

"எதுக்குட்டி?"

"அவரு பாத்துக்கிட்டிருக்காரு. குப்பையா இருந்துச்சு."

"வெளங்கும். குப்பைத் தொட்டிக்குள்ள போயி ஃபோல்டர மட்டும் மீட்டு எடு. ஈசலெல்லாம் அங்கனயே கெடக்கட்டும்."

அவள் திட்டவில்லை. மற்றவர்களாக இருந்தால் போனை வைத்திருப்பார்கள். சுகந்தி தொட்டிக்குள் துழாவிக்கொண்டிருந்தபோது அவள் போனில் ஒரு லேண்ட்லைன் நம்பர் குறுக்கே வந்து வந்து போனது. தெரியாத நம்பரை அவள் எடுப்பதில்லை.

"என்னமோ நம்பரு வந்துக்கிட்டே இருக்கு," என்றாள்.

"எனக்கும்தான். கெடக்கட்டும். மணி என்னாச்சு?"

"பத்து பதினெட்டு."

"சரி, சட்டுனு அடி. நான் சொல்லச் சொல்ல."

ஜார் இருக்கும் இடத்தைச் சேர்த்து, புரோகிராமை ஓட்டத் தயாராக்கும் கட்டளையை அடித்தார்கள். கறுப்பு ஜன்னல் ஒன்றுமே சொல்லவில்லை.

"ஒண்ணும் சொல்லல ஷமீமு."

"அப்ப நல்லதுதான். அது நம்ம ஊரு ஆம்பளைய மாதிரி. குத்தம் இருந்தாத்தான் வாயத் தொறக்கும். இப்ப ஓட்டு."

ஓட்டினாள். வாயைத் திறந்தது. நீ சொன்ன புரோகிராம் என்று எதையும் காணவில்லை என்றது.

சுகந்திக்கு அழுகை வந்தது. பொட்டலம் இல்லை என்றால்கூடப் பரவாயில்லை. கண்ணுக்கு எதிரே கிடக்கிற புரோகிராமையே இல்லை என்றால் என்ன செய்வது? ஷமீமைக் கேட்காமல் அதற்கு லிப் ஃபோல்டருக்குள் ஒரு நகல் போட்டாள். திரையில் ஒன்று, சி டிரைவில் ஒன்று. பிறகு லிப்புக்குள் போய் நின்றுகொண்டு ஓட்டிப் பார்த்தாள். இப்போது புரோகிராம் கிடைத்தது, ஜார் காணாமல் போனது.

"இப்ப ஜாரு இல்லங்குது. எல்லா எடத்துலயும் ஒண்ணு போட்டுட்டேன், அப்பவும்..."

"நிறுத்து," என்றாள் ஷமீம். "மொதல்ல கைய எடு. எடுத்துட்டியா?"

எடுத்தாள்.

"காப்பியக் குடி."

ஆறிப் போயிருந்தது. குடித்தாள்.

"இப்பக் கேளு. நீ எதுவுமே சொல்லலன்னா, அது தான் நிக்குத எடத்துல தானாத் தேடிக்கிடும். நீ ஜாரு இருக்க எடத்தச் சொன்னேல்லா? சொன்னதும் அங்கன மட்டுந்தான் தேடும். விருந்தாளி வீட்டுக்கு வழி சொன்ன, சொந்த வீட்டச் சொல்ல மறந்துட்ட. உன் நகலையெல்லாம் அழிச்சிட்டு, பழைய எடத்துக்கே வா."

"சொந்த வீட்ட எப்படிச் சொல்ல?"

"ஒரு புள்ளி வையி."

"புள்ளியா?"

"புள்ளின்னா இங்கனயும் பாருன்னு அர்த்தம். புள்ளி, செமிகோலன், பொறவு ஜாரு. அம்புட்டுதான்."

சுகந்தியின் விரல் அந்தப் புள்ளியின் மேல் கொஞ்சம் நின்றது. பச்சைப் பொத்தானுக்குப் பின்னால் மூன்று வருடம் ஒளிந்திருந்த விஷயம். இவள் அதைக் கோழி விரட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். இந்த ஊரில் எத்தனை ஆபீஸ் இருந்தாலும் இப்படி ஒருத்தி அதில் இருக்க மாட்டாள்.

"எப்படிட்டி இதெல்லாம் ஞாபகம் வச்சிருக்க? முன்னால சிஸ்டம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. தொறந்துதான் வச்சிருக்கேன். நீ அடி."

அந்தப் பக்கம் மாமியாரின் குரல் கேட்டது. "ஏம்மா, நேரமாவுதே, நீ இன்னும் ஒக்காரலியா?"

"இந்தா மாமி, அஞ்சு நிமிசம்."

பாவம், இன்னும் காலைச் சாப்பாட்டுக்குக்கூட உட்காரவில்லை போல. சுகந்தி அவசரமாகப் பழைய இடத்துக்கு வந்து அடித்தாள். புள்ளி, செமிகோலன், ஜார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பொத்தானை அமுக்கினாள்.

திறந்தபோது கறுப்பு ஜன்னலில் குற்றாலத்து அருவிகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நின்றன. ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, பேரருவி. அகர வரிசைப்படி அடுக்கிக் காட்டும் புரோகிராம் அது. இவ்வளவு நேரம் இவர்கள் மல்லுக்கட்டியது அந்த நாலு பெயருக்குத்தான்.

"ஓடிட்டு ஷமீமு. ஓடிட்டு."

"ஓடாம என்ன செய்யும். மணி?"

"பத்து இருபத்தெட்டு."

"வைக்கேன்," என்றாள். வைத்தேவிட்டாள். நன்றி சொல்லக்கூட இடம் தரவில்லை.

சுகந்தி தாவணி நுனியால் முகத்தைத் துடைத்தாள். தண்டனையைக் கேட்கத் தயாராகி, கறுப்பு ஜன்னலை ஓரமாக இழுத்தாள்.

நீலச் சட்டைக்காரர் நோட்டை இரண்டு கையாலும் கேமராவுக்கு நேரே பிடித்திருந்தார். பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

'தாயி, இங்க யாரும் இல்ல.'

அவள் வாயைப் பிளந்தாள். அவர் நோட்டைக் கீழே வைத்துவிட்டு எதையோ அமுக்கினார். இன்னொன்றை அமுக்கினார். திடீரென்று சத்தம் வந்தது.

"கேக்குதா? இப்பமாவது கேக்குதா?"

சுகந்தி தன் மைக்கைத் திறந்தாள். "கேக்குது சார்."

"சாரெல்லாம் இல்ல தாயி. நான் இங்கன வாட்ச்மேன், சொரிமுத்து."

"அப்ப சாரெல்லாம் எங்க?"

"அஞ்சருவிக்குக் குளிக்கப் போயிருக்காவ. மூணு நாளா வெள்ளம்னு யாரையும் விடலல்லா? இன்னைக்குக் காலையில தடைய எடுத்துட்டாவ. சென்னையில இருந்து வந்த பெரிய சாரு, கேட்டதும் துண்டத் தூக்கித் தோள்ல போட்டுட்டாரு. மத்தவங்க சும்மா இருப்பாவளா? உனக்குப் பதினொன்றரைக்கு மாத்தியாச்சுன்னு சொல்லச் சொல்லி என்ன இதுக்கு முன்னால ஒக்கார வச்சிட்டுப் போயிட்டாவ. எனக்கு எத அமுக்கன்னு தெரியல. போன் போட்டேன், நீ எடுக்கல. அதான் எழுதி எழுதிக் காட்டுனேன்."

அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். 'இன்டர்வியூ பதினொன்றரைக்கு.' அடுத்த பக்கத்தில் அதுவே இன்னும் பெரிதாக. அதற்கடுத்து, 'போனை எடுக்கவும்.' அதற்கடுத்து, 'அம்மாகிட்ட குடு.'

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தெரியாத ஒரு மனிதர் முன்னால் அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவரும் மீசை ஆடச் சிரித்தார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாஸாட்டி?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா."

அதில்தான் சந்தோஷமே. பதினொன்றரைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு இதை ஓட்டிக் காட்டுவாள். புள்ளி, செமிகோலன், ஜார். திங்கட்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸ் அவள் இல்லாமலே போய்ச் சேரும். முதலில் ஷமீமுக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்தாள்.

"வச்சிராத தாயி, ஒரு ஒத்தாச செய்யணும்," என்றார் சொரிமுத்து. ஒரு தாளைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கி வாசித்தார். "பத்தரைக்கு இதே வேலைக்கு இன்னொரு பிள்ள இருக்கு. அதுக்கும் நேரத்த மாத்தியாச்சுன்னு சொல்லணும். கடையநல்லூரு, ஷமீம் பானுன்னு போட்டிருக்கு. உனக்குத் தெரிஞ்ச பிள்ளையா? அரை மணி நேரமா நானும் போன் போடுதேன், பேசிக்கிட்டே இருக்கு. இருக்கது ஒரே ஒரு வேலை, அதுக்கு ஒக்கார வேண்டிய நேரத்துல அப்படி யார்கிட்டதான் பேசுதோ."